மீன்காட்டி சொன்னபடி கேட்காதபோது: குறியைப் பார்த்துக் குறையைப் பிடிக்கும் வழி

குருநகர், பாசையூர், மயிலிட்டி என்று யாழ்ப்பாணத்து இறங்குதுறைகளில் இருந்து "கருவி பழுதாகிவிட்டது அண்ணை" என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஆழமும் மீனும் காட்டும் எக்கோவும் இடம் காட்டும் ஜீபிஎஸ்ஸும் ஒரே திரையில் சேர்ந்த கருவி அது. வீட்டு மேசையில் வைத்து நல்ல பற்றரி ஒன்றைக் கொடுத்தால், பெரும்பாலும் எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்கிறது. கருவி நன்றாகத்தான் இருக்கிறது. பற்றரியில் தொடங்கி வயர், பியூஸ், கருவி, அடியில் பொருத்திய, ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் ட்ரான்ஸ்டியூசர், அதன் கீழே கடல்நீர் என்று போகும் வழியில் எங்கோ ஓரிடம்தான் அறுந்திருக்கிறது. ஆகவே கருவியின் மூடியைத் திறக்காதீர்கள். நீர் புகாமல் ஆலையில் அடைத்த இறுக்கம் ஒரு தடவை குலைந்தால் நம் கையால் அதை மீட்க முடியாது. அதன்பின் உண்மையாகவே பழுது வரும்.

கையில் மூன்று பொருட்கள் இருந்தால் போதும்: ஒரு மல்ரிமீற்றர், வயர் கட்டிய 21 வாற் பிரேக் விளக்குக் குமிழ் ஒன்று, பாகத்துக்குப் பாகம், அதாவது ஆறடிக்கு ஒன்றாக, முடிச்சிட்ட ஈயக்குண்டுக் கயிறு. மூன்றாவதை யாரும் கருவிப் பெட்டியில் வைப்பதில்லை. திரையில் தெரியும் எண் மெய்யா பொய்யா என்று கடலில் வைத்துச் சொல்லக்கூடியது அந்தக் கயிறு மட்டுமே.

கருவி எழும்பவில்லை, அல்லது எழும்பிப் பின் அணைகிறது

நம்முடைய பதினெட்டு, இருபது அடிக் கண்ணாடியிழைப் படகுகளில் வெளியிணைப்பு இயந்திரத்தைப் பெரும்பாலும் கயிறு இழுத்துத்தான் தொடக்குகிறோம். ஆகவே படகில் நிலையான பற்றரி இருப்பதில்லை. கருவிக்கென்று 12 வோல்ற், 7 அம்பியர் மணி கொண்ட சிறிய அடைத்த பற்றரி ஒன்றைக் கொண்டுபோவதே வழக்கம். ஐந்து முதல் ஏழு அங்குலத் திரை உள்ள கருவி ஏறக்குறைய அரை அம்பியரில் இருந்து ஓர் அம்பியர் வரை இழுக்கும். அந்தப் பற்றரி புதிதாக இருந்தால் ஏழெட்டு மணி நேரம் தாங்கலாம். இரண்டு வருடம் பழகியதென்றால் அதில் பாதிதான். இரவு வலை விரித்து விடியற்காலையில் இழுக்கும் தொழிலுக்கு அது போதாது. விடியும் வேளையில் கருவி அணைகிறதென்றால் முதலில் பற்றரியைச் சந்தேகியுங்கள்.

மீற்றரில் 12.6 என்று காட்டுகிறது, ஆனாலும் கருவி எழும்பவில்லை என்றால் குமிழை எடுங்கள். சுமை இல்லாத வோல்ற் அளவு ஏமாற்றும். கருவியின் முனையில், வயர் வந்து சேரும் இடத்தில் குமிழை இணைத்து, அது எரியும்போது அளக்க வேண்டும். பாசையூர்ப் படகு ஒன்றில் சும்மா அளந்தபோது 12.4 இருந்தது. குமிழை இணைத்தவுடன் 9.8க்கு விழுந்தது, குமிழும் மங்கலாய்ச் செம்மஞ்சளில் எரிந்தது. பற்றரி முனையில் அதே நேரம் 12.2 நின்றது. அப்படியென்றால் இடையில் உள்ள வயர் 2.4 வோல்ற்றைத் தின்கிறது. உறையைச் சீவினேன். வெளியே சிவப்பு உறை பளபளப்பாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் கறுத்து, முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. விரலால் உருட்டியபோது இழைகள் பொடியாய் உதிர்ந்தன. வீட்டு மின்சாரத்துக்கு வாங்கிய வயரைப் படகில் போட்டால் ஒரு பருவத்துக்குள் இதுதான் நடக்கும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் சற்று விலை கூடியது, ஆனால் உப்புக்கு நின்று பிடிக்கும். முறுக்கி ரேப் சுற்றுவதை விட்டுவிடுங்கள். இணைப்பை நசுக்கி, சூடு காட்டினால் சுருங்கும் குழாயால் மூடுங்கள்.

பியூஸ் எரிந்திருந்தால் குறிப்பேட்டில் சொன்ன அளவையே போடுங்கள். பெரும்பாலான கருவிகளுக்கு அது 3 அம்பியர். சிகரெட் பெட்டித் தாளையும் செம்பு இழையையும் சுற்றி ஓட்டிய கருவிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றைத்தான் திருத்த முடிவதில்லை.

இன்னுமொன்று, மிகவும் முக்கியமானது. கயிற்றால் தொடக்கும் இயந்திரங்கள் பலவற்றில் விளக்குக்கென்று ஒரு சுருள் இருக்கும். அதில் இருந்து வருவது ஆடலோட்ட மின்சாரம். வேகம் கூட்டினால் அதன் வோல்ற் அளவும் ஏறும். கருவிக்கு வேண்டியது நேரோட்டம். அந்தச் சுருளின் வயரை நேரே கருவிக்குக் கொடுத்தால் கருவி முடிந்தது. இடையில் அதை நேரோட்டமாக்கும் ரெக்ரிபையரும் வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரும் வைத்து, அதில் இருந்து பற்றரிக்குக் கொடுத்து, பற்றரியில் இருந்துதான் கருவிக்கு எடுக்க வேண்டும்.

கரையில் நிற்கும்போதே மீன் ஓடுகிறது

புதுக் கருவி வாங்கியவர்களுக்கு வரும் பயம் இது. படகு மணலில் நிற்க, திரையில் ஆழம் மாறுகிறது, மீன் வளைவுகள் போகின்றன, வேகம்கூட ஏறுகிறது. கருவி போலிக் காட்சி ஓட்டும் நிலையில் இருக்கிறது. ட்ரான்ஸ்டியூசர் இணையாமல் முதல் தடவை போட்டால் சில கருவிகள் தாமாகவே அந்த நிலைக்குள் போய்விடும். அமைப்புப் பட்டியலில் 'சிமுலேட்டர்' அல்லது 'டெமோ' என்று இருப்பதை நிறுத்துங்கள். அதை நிறுத்தாமல் கடலில் இறங்கியவர் திரையில் பார்ப்பது எதுவும் மெய்யல்ல.

ஆழம் தவறாகக் காட்டுகிறது

முதலில் அலகைப் பாருங்கள். நாம் பேசுவது பாகம். கருவி அடியிலும் காட்டும், மீற்றரிலும் காட்டும், பாகத்திலும் காட்டும். ஆறு பாகம் என்பது 36 அடி, கிட்டத்தட்ட 11 மீற்றர். '36' என்று எண்ணைக் கண்டு பாகம் என்று நினைத்து நங்கூரக் கயிற்றை அவிழ்ப்பவர்களும் உண்டு. ஒரே அலகில் வைத்துவிட்டுப் பிறகு அதைத் தொடாதீர்கள்.

காட்டும் ஆழம் சரியாக இரண்டு மடங்காக இருந்தால் அது வேறு கதை. பாக்கு நீரிணைப் பக்கம் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீற்றருக்குள் அடங்கும் மேட்டுக் கடல். ஒலி கீழே போய்த் தரையில் பட்டு மேலே வருகிறது. நீர்மட்டத்தில் பட்டு மறுபடியும் கீழே போகிறது. மீண்டும் தரையில் பட்டுத் திரும்புகிறது. கருவி அந்த இரண்டாம் வருகையைத் தரையென்று எடுத்துக்கொண்டால் 10 மீற்றர் 20 ஆகிவிடும். பார் என்னும் கடலடிப் பாறைத்திட்டு உள்ள கல் தரையில் இது அதிகம், சேற்றில் குறைவு. திரும்பும் ஒலியைப் பெருக்கும் கெயினைக் குறையுங்கள். திரை காட்டும் ஆழ எல்லையான ரேஞ்சைத் தானியங்கியில் விடாமல் 0 முதல் 15 மீற்றர் என்று கையால் வையுங்கள். இரண்டாம் தரை திரைக்கு வெளியே போய்விடும்.

சிறிதளவு மட்டும் எப்போதும் ஒரே அளவில் கூடியோ குறைந்தோ இருந்தால், அது ட்ரான்ஸ்டியூசர் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் தூரம். 'கீல் ஓஃப்செற்' என்ற இடத்தில் அதைத் திருத்தலாம். அலை இல்லாத இடத்தில் நங்கூரமிட்டு ஈயக்குண்டை இறக்கி, முடிச்சை எண்ணி, வித்தியாசத்தை எழுதுங்கள்.

யாழ்ப்பாணக் களப்புக்குள் ஆழம் மாறிமாறிக் குதித்தால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். பல இடங்களில் ஒன்று, இரண்டு மீற்றர்தான் நீர். ட்ரான்ஸ்டியூசருக்குக் கீழே அரை மீற்றர்கூட இல்லாதபோது எந்த எக்கோவும் ஒழுங்காக வாசிக்காது. சாதாழை மண்டிய தரையில், புல்லின் தலையையே தரை என்று சொல்லும். களப்புக்குள் ஜீபிஎஸ்ஸில் பதிந்த பழைய வழித்தடம்தான் துணை.

நிற்கும்போது சரி, ஓடும்போது தரை மறைகிறது

என்னிடம் வரும் முறைப்பாடுகளில் பாதி இதுவே. எக்கோவின் ஒலி நீரில் நன்றாகப் போகும், இடையில் காற்று இருந்தால் கடக்காது. ட்ரான்ஸ்டியூசரின் முகத்தில் குமிழிகள் படர்ந்தால் தரை மறையும். ஆகவே கேள்வி ஒன்றுதான்: ஓடும்போது அதன் முகத்துக்கு முன்னால் குமிழி இல்லாத நீர் வருகிறதா?

இயந்திரம் தொங்கும் பின்பலகையில் பொருத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விசிறியில் இருந்து குறைந்தது 40 சென்ரிமீற்றர் விலகட்டும். முன்னே போகும்போது பின்னால் இருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுழலும் விசிறிக்கு வலப்பக்கம் நல்லது. அங்கே இதழ்கள் கீழே இறங்குவதால் நீர் குழம்புவது குறைவு. படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் வரம்புகளுக்கு நேர் பின்னால் வைக்காதீர்கள், அந்த வரம்புதான் குமிழியை இழுத்து வருகிறது. முகம் படகின் அடிமட்டத்தைவிட 3 மில்லிமீற்றர் கீழே நிற்க வேண்டும், பின்விளிம்பு மயிரளவு தாழ்ந்திருக்க வேண்டும். அப்படியும் மறைந்தால் இன்னும் 3 மில்லிமீற்றர் இறக்கி ஓடிப் பாருங்கள். ஒரே தடவையில் ஓர் அங்குலம் இறக்கினால் அது தானே நீரைக் கிழித்துக் குமிழி உண்டாக்கும்.

ஆனால் நம் கரைகளில் படகை மணலில் இழுத்து ஏற்றுகிறோம். பின்பலகையில் நீட்டி நிற்கும் எதுவும் நீண்ட நாள் தாங்காது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இடித்தால் மேலே மடங்கும் பிடி, அல்லது கரை வரும்போது தூக்கி எடுக்கும் தண்டு. மற்றது, படகின் உள்ளே அடித்தளத்தில் ஒட்டிவிடுவது. நான் இரண்டாவதையே விரும்புகிறேன், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒலி திடமான கண்ணாடியிழையைக் கடக்கும். இடையில் மரப்பலகையோ நுரையோ இருந்தால் கடக்காது. ஒட்டுவதற்கு முன் இப்படிச் சோதியுங்கள்: மெல்லிய பொலித்தீன் பையில் நீர் நிரப்பி, ட்ரான்ஸ்டியூசரை அதற்குள் வைத்துக் கட்டி, உள்தளத்தை நனைத்து அதன்மேல் பையை அழுத்தி வையுங்கள். பிறகு அதையே படகின் ஓரமாய் நேரே கடலில் தொங்கவிடுங்கள். இரண்டு தடவையும் தரை கிட்டத்தட்ட ஒரேமாதிரித் தெரிந்தால் அந்த இடம் நல்ல இடம். மங்கினால் ஒரு சாண் தள்ளிப் பாருங்கள். இடம் கிடைத்தபின் மட்டும் எபொக்சி பூசி, காற்றுக்குமிழி ஒன்றும் தங்காதபடி முறுக்கி அழுத்தி ஒட்டுங்கள். இப்படி ஒட்டினால் வெப்பநிலை கடலுடையதாக இராது, படகுத் தளத்துடையதாகத்தான் இருக்கும். பக்கவாட்டுப் படம் காட்டும் வகைக் கருவிகளுக்கு இந்த முறை உதவாது.

நேற்றுவரை ஓடும்போதும் தரை தெரிந்தது, இப்போது மங்குகிறது என்றால் முகத்தைத் தடவிப் பாருங்கள். பாசியும் கொட்டலசும் ஏறியிருக்கும். மெல்லிய துணியாலும் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தாலும் கழுவினால் போதும். மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர் எதையும் அதில் படவிடாதீர்கள், அந்த பிளாஸ்ரிக் முகம் விரிசல் விடும். புது ட்ரான்ஸ்டியூசரையும் முதல் தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் இறக்குகிறேன். கை எண்ணெய் படிந்த முகத்தில் நீர் ஒட்டாது.

திரை முழுவதும் புள்ளியும் கோடும்

இது இரைச்சல். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. நங்கூரமிட்டு, இயந்திரத்தை நியூற்றலில் வைத்து வேகத்தை மெல்லக் கூட்டுங்கள். வேகத்தோடு புள்ளிகளும் பெருகினால் அது மின் இரைச்சல். நிற்கும்போது எவ்வளவு கூட்டினாலும் திரை சுத்தமாக இருந்து, படகு ஓடும்போது மட்டும் குழம்பினால் அது முன்சொன்ன குமிழி.

மின் இரைச்சலுக்குக் கருவியின் வயரைத் தனியே பற்றரிக்குக் கொண்டுபோங்கள். ட்ரான்ஸ்டியூசர் கேபிளை இயந்திரத்தின் வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டாதீர்கள். இரவுத் தொழிலுக்குப் பூட்டும் எல்ஈடி விளக்குகளை ஒவ்வொன்றாய் அணைத்துப் பாருங்கள். மலிவான விளக்கின் உள்ளே இருக்கும் மின்மாற்றும் சுற்று பெரிய இரைச்சல் பிறப்பிக்கும், ஜீபிஎஸ்ஸையும் தடுக்கும்.

கேபிள் முழுதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் முனையிலுள்ள பெரிய பிளக் துளையில் நுழையவில்லை என்று கேபிளை வெட்டி, நுழைத்தபின் முறுக்கி ஒட்டியிருப்பார்கள். உள்ளே மெல்லிய வயர்களைச் சுற்றி வலைபோல் பின்னிய உறை ஒன்று இருக்கிறது, இரைச்சலைத் தடுப்பது அதுதான். வெட்டினால் அது போய்விடும். பிளக் போகுமளவுக்குத் துளையைப் பெரிதாக்கி, பிறகு அடைத்துவிடுவதே சரி.

பக்கத்தில் வேறு படகுகள் நிற்கும்போது மட்டும் சாய்ந்த கோடுகள் வந்தால், அவர்களுடைய எக்கோவின் ஒலி உங்கள் திரைக்கு வருகிறது. இடையீட்டு வடிகட்டியைக் கூட்டுங்கள்.

மீன் காட்டுகிறது, வலையில் இல்லை

இங்கே பழுது கருவியில் இல்லை. திரையின் வலது ஓரம் மட்டுமே இந்தக் கணம். இடப்பக்கம் தெரிவதெல்லாம் கடந்துபோன நேரம், நீங்கள் விட்டுவந்த நீர். படகு அசையாமல் நின்றால்கூட திரை ஓடிக்கொண்டே இருக்கும், அடியில் ஒரேயிடத்தில் நிற்கும் ஒரு மீன் நீண்ட கோடாய்த் தெரியும். கோட்டின் நீளம் மீனின் நீளமல்ல.

பொதுவாக 200 கிலோ ஹேர்ட்ஸ் ஒலி ஒடுங்கிய கூம்பாய்ப் போகிறது. 20 பாகை கூம்பென்றால் 10 மீற்றர் ஆழத்தில் அது தொடும் தரை ஏறக்குறைய 3.5 மீற்றர் அகலம்தான். அதாவது படகின் நீளம்கூட இல்லை. வலைக்கு எட்டும் பரப்போடு ஒப்பிட்டால் அது ஒரு துளி. 83 அல்லது 50 கிலோ ஹேர்ட்ஸ் அகலமாய் விரியும், ஆனால் நுணுக்கம் குறையும். நம் மேட்டுக் கடலுக்கு 200 போதும். பருத்தித்துறைக்கு வெளியே ஆழம் போகிறவர்களுக்குத்தான் குறைந்த அதிர்வெண் வேண்டும்.

மீன் உருவம் போட்டுக் காட்டும் வசதியை நிறுத்திவிடுங்கள். சொறிமுட்டை என்னும் ஜெல்லிமீன், மிதக்கும் புல், குமிழி எல்லாவற்றுக்கும் அது மீன் படம் போடும். வளைவுகளைக் கண்ணால் படிக்கப் பழகுங்கள். கல் தரை தடித்து, கீழே நீண்ட வாலோடு தெரியும். சேறு மெல்லிய கோடாகத் தெரியும். இந்த வித்தியாசம் கைவந்தால் மீன் தெரியாத நாளிலும் பார் எங்கே என்று தெரியும்.

இடம் பிடிக்கவில்லை, பிடித்தது தாவுகிறது

பல மாதம் அணைத்து வைத்த கருவி முதல் தடவை வானத்தில் செய்மதிகளைத் தேடக் கால் மணி நேரம்கூட எடுக்கலாம். திறந்த வானத்தின் கீழ் அசையாமல் விட்டுப் பொறுங்கள். தகரக் கூரைக்கும் நனைந்த தறப்பாளுக்கும் கீழே வைக்காதீர்கள். பழைய கருவியில் இடம் சரி, திகதி மட்டும் ஏறக்குறைய இருபது வருடம் பின்னால் காட்டுகிறதென்றால் பயப்பட வேண்டாம். ஜீபிஎஸ் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியது. மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் போடுங்கள்.

பொழுதுபட்டபின், நள்ளிரவுக்குள், ஒழுங்காய் இருந்த கருவி சில நிமிடம் இடத்தை இழந்து மீள்கிறதா? பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிப் போகிறது, நாமும் அதற்கு அருகில்தான் இருக்கிறோம். அந்தக் கோட்டை ஒட்டிய நாடுகளில் மார்ச், ஏப்ரல், செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்களில், சூரியன் கொந்தளிக்கும் வருடங்களில், மாலைக்குப் பின் மேல்வளிமண்டலம் குழம்பிச் செய்மதியின் அலைகளைக் கலைக்கும். கருவியைத் திருப்பித் திருப்பி அணைத்துப் போடாதீர்கள். திசைகாட்டியை வைத்து ஓடுங்கள், அது தானே திரும்பும்.

நிற்கும் படகின் முனை திரையில் சுற்றிச் சுற்றித் திரும்பினால் அதுவும் பழுதல்ல. சாதாரண ஜீபிஎஸ் அறிவது நகரும் திசையை மட்டும்தான், படகின் முன்முனையான அணியம் எங்கே பார்க்கிறது என்பதை அல்ல.

திரையில் படகு நிலத்தின்மேல் நிற்கிறது, கொடுத்த புள்ளி வேறு இடத்தில் விழுகிறது

கருவியோடு வரும் வரைபடம் நம் தீவுகளைப் பரும்படியாகவே வரைந்திருக்கும். மண்டைதீவுக்குப் பக்கத்தில் ஓடும்போது படகு ஊருக்குள் நிற்பதாகக் காட்டலாம். வரைபட அடிப்படை, ஜீபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்பதில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய இலங்கை வரைபட அடிப்படையில் இருந்தால் இடம் சில நூறு மீற்றர் வரை நகரும்.

புள்ளியைக் கையால் எழுதும்போது வரும் பிழை இதைவிடப் பெரியது, ஆபத்தானது. 1974 இந்திய இலங்கைக் கடல் எல்லை உடன்படிக்கையில் பாக்கு நீரிணைக்கு ஆறு புள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வடக்கு 9 பாகை 40.15 நிமிடம், கிழக்கு 79 பாகை 22.60 நிமிடம். இது பாகையும் தசம நிமிடமும். கருவி தசமப் பாகையில் இருக்கும்போது இதை 9.4015 என்றும் 79.2260 என்றும் அடித்தால் புள்ளி தெற்கே கிட்டத்தட்ட 30 கிலோமீற்றரும் மேற்கே 16 கிலோமீற்றரும் தள்ளி, இந்தியக் கடலுக்குள் விழும். 40.15 நிமிடத்தை 40 நிமிடம் 15 செக்கன் என்று அடித்தாலும் 185 மீற்றர் பிசகும். அமைப்புப் பட்டியலில் பாகையும் தசம நிமிடமும் காட்டும் வடிவைத் தெரிவுசெய்துவிட்டுத்தான் எண்ணைத் தொடுங்கள்.

புள்ளிகளைப் போட்டு முடிந்தபின் கரையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். இறங்குதுறையில் நின்று கருவி காட்டும் எண்ணையும் கைத்தொலைபேசி காட்டும் எண்ணையும் ஒரே வடிவில் ஒப்பிடுங்கள். பிறகு திரையை விரித்து, எல்லைக்கோடு கச்சதீவுக்கு மேற்கே போகிறதா என்று பாருங்கள். கிழக்கே போனால் ஏதோ ஒரு எண் பிழை, ஒவ்வொன்றாய்த் திரும்ப வாசியுங்கள். சரியென்றால் கோட்டில் அல்ல, கோட்டுக்கு இரண்டு கடல் மைல் இப்பால் எச்சரிக்கை மணியை வையுங்கள். வலை விரித்துவிட்டுக் கண்ணயரும் நேரத்தில் நீரோட்டம் படகை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பது உங்களுக்கே தெரியும்.